பூச்சும் வெடிப்பும்

கொழும்புத்துறையில், கடலேரிக் கரைக்குக் கூப்பிடு தொலைவில், சிறிய வீடொன்றின் குடிபூரலுக்குச் சென்றிருந்தேன். வீட்டுக்காரி யுத்தத்தில் கணவனை இழந்தவர். வீட்டுத்திட்டப் பணத்தோடு சீட்டுப் பணத்தையும் வட்டிக் கடனையும் சேர்த்து, அத்திவாரமிட்டு ஐந்தாண்டுகள் கழிந்த பின்னர் அன்றுதான் அந்த வீட்டில் பால் காய்ச்சினார். வந்திருந்தவர்களுள் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவரும் இருந்தார். அவர் யன்னல் மூலையிலிருந்து சரிந்தோடிய வெடிப்பொன்றில் விரலை ஓட்டிப் பார்த்தார். சுவரின் அடியில் உப்புப் பூத்து வண்ணம் பொரிந்திருந்த இடத்தையும் செருப்பு நுனியால் தட்டிப் பார்த்தார். பின்னர் சபையறியத் தீர்ப்புக் கூறினார்:

“எங்கட மேசன்மாருக்கு இப்ப வேலை தெரியாது. இந்தச் சனத்துக்கும் வீட்டின்ர அருமை தெரியாது. சும்மா வந்த காசுதானே! வெளிநாட்டிலை போய்ப் பாருங்கோ, சுவரெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும்.”

வீட்டுக்காரி மறுமொழி கூறவில்லை. தேநீர்த் தட்டை வைத்துவிட்டு உள்ளே சென்றார். திரும்பி வரும்போது ஒரு நாட்காட்டியைக் கொண்டுவந்து அந்த வெடிப்பின்மேல் தொங்கவிட்டார்.

அந்த நாட்காட்டிதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. தான் செய்யாத குற்றத்திற்காக ஒரு பெண் தன் சொந்த வீட்டில், தன் சொந்தச் சுவரின் முன்னால் வெட்கப்பட வேண்டியிருந்தது. அவ்வெட்கத்தை அவர்மீது சுமத்தியவரோ தாம் நியாயத்தைப் பேசியதாகவே எண்ணிக்கொண்டு தேநீர் அருந்திச் சென்றார். இவர் தனி மனிதரல்லர். நமது படித்த வர்க்கத்தின் மனோபாவமே இவர் வாயிலாகப் பேசியது. ஆகவே இவருடைய தீர்ப்பை ஒவ்வோர் அங்கமாக எடுத்து ஆராய வேண்டியிருக்கிறது.

*

முதலாவதாக, அந்தச் சுவர் ஏன் வெடித்தது? அது ஏன் பொரிந்தது?

சுவர் பொய் சொல்லாது. ஒவ்வொரு வெடிப்பும் ஒரு காரணத்தைக் காட்டி நிற்பது. சிலந்தி வலைபோல் மேற்பரப்பெங்கும் படரும் மெல்லிய கீறல்கள், பூச்சு அவசரமாகக் காய்ந்ததைக் காட்டுவன. யன்னல் மூலையிலிருந்து சரிந்தோடும் வெடிப்பு, மேலே வளை சரியாக அமையாமையையோ, கீழே அத்திவாரம் ஒரு பக்கம் தாழ்ந்தமையையோ காட்டுவது. கொங்கிறீட்டின் அடியில் நீளக்கோடாக ஓடும் வெடிப்பு, உள்ளேயுள்ள கம்பி துருப்பிடித்துப் பருத்துத் தன்னை மூடியிருந்த சாந்தையே பிளப்பதைக் காட்டுவது. விரல் மடக்கித் தட்டும்போது வெற்றொலி எழுந்தால், பூச்சு கல்லைப் பற்றாமல் நிற்கிறதென்று பொருள்.

கொழும்புத்துறை போன்ற கரையோர ஊர்களில் இவை எல்லாவற்றையும்விடக் கொடிய பகைவன் உப்பு. கரையை அண்டிய பல கிணறுகளில் நீர் உவர். மலிவாகக் கிடைக்கும் மணலிலும் உவர். உவர் மணலில் வார்த்த கல்லை உவர் நீரால் குழைத்த சாந்தில் அடுக்கினால், உப்பு சுவருக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. மாரியில் நிலத்தீரம் சுவரில் ஏறுகிறது. சோளகம் வீசும் மாதங்களில் அவ்வீரம் வெளியேறி ஆவியாகிறது. உப்பு மட்டும் பின்தங்கிப் பூச்சின் நுண்துளைகளுக்குள் பளிங்காக இறுகிப் பருக்கிறது. அந்தப் பளிங்குகள்தாம் வண்ணத்தையும் பூச்சையும் உள்ளிருந்து நெம்பித் தள்ளுகின்றன. இதன்மேல் பட்டி பூசி, உரைத்து, விலையுயர்ந்த வண்ணத்தைத் தீட்டினால் ஒரு வருடம் அழகாக இருக்கும். மறு வருடம் ஈரம் அந்தப் பூச்சைச் சுற்றிக்கொண்டு ஒரு முழம் மேலே ஏறிப் பொரியும்.

இவற்றுக்கு மருந்து இல்லையா? உண்டு. அது மந்திரமுமன்று, எந்த நல்ல மேசனும் அறிந்ததே. மணலை நன்னீரில் கழுவி அரிக்க வேண்டும். அத்திவாரத்தின் மேல் ஈரந்தடுக்கும் படையொன்று இட வேண்டும். கொங்கிறீட் தூணும் கல்லும் சந்திக்கும் இடத்தில் கம்பிவலை பதித்துப் பூச வேண்டும். பூசிய சுவரைக் குறைந்தது ஒரு வாரமேனும் நன்னீர் தெளித்து ஈரமாக வைத்திருக்க வேண்டும். இவ்வளவுதான்.

ஆனால் இந்த ‘இவ்வளவுதான்’ என்பதற்கு என்ன விலை என்பதை அந்தக் கனவான் கணக்கிட்டுப் பார்த்ததுண்டா? நல்ல மணல் தொலைவிலிருந்து உழவு இயந்திரத்தில் வர வேண்டும். கழுவ நன்னீர் வேண்டும். அதனை விலைக்கு வாங்க வேண்டும். பூச்சை ஒரு வாரம் நனைப்பதற்கு ஒருவர் ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் வீட்டில் நிற்க வேண்டும். நாட்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அது ஒரு வாரப் பட்டினி. குடிப்பதற்கே குடத்தில் நீர் சுமப்பவள், சுவருக்கு எங்கிருந்து நீர் வார்ப்பாள்? வளவுக் கிணற்றிலிருந்து அள்ளித்தான் வார்ப்பாள். அந்த நீரோடு உப்பையும் சேர்த்தே வார்ப்பாள். அறியாமையினால் அன்று, வேறு வழியின்மையினால்.

*

இரண்டாவதாக, ‘சும்மா வந்த காசு’ என்ற கூற்றைப் பார்ப்போம்.

2010-இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 50,000 வீடுகளில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்குமானவை. அங்கே ஒரு புதிய வீட்டுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. வீட்டாரே நின்று கட்டுவிக்க வேண்டும். வேலையின் முன்னேற்றத்தைப் பார்த்துப் பணம் கட்டங் கட்டமாக வரும். மக்கள் தம் வீட்டைத் தாமே கட்டும் இம்முறையில் நன்மை உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டம் முடிந்தால்தான் பணம் என்ற விதி, பணம் இல்லாதவனை முதலில் கடன்காரனாக்குகிறது. அடுத்த தவணைக்காகக் கடன் வாங்கிச் சுவரை உயர்த்த வேண்டும். சுவர் காயுமுன் பூச வேண்டும். பூச்சு ஆறுமுன் வண்ணம் தீட்ட வேண்டும். சாந்து இறுகுவதற்கு இயற்கை ஒரு கால அட்டவணை வைத்திருக்கிறது. கந்தோருக்கு வேறோர் அட்டவணை இருக்கிறது. இவ்விரண்டும் மோதும்போது வெடிப்பது சுவர்.

கடனின் கதையோ நாடறிந்தது. யுத்தத்திற்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் படலைக்குப் படலை வந்து நின்ற நுண்கடன், பெண்களை எந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்றால், 2018-இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது. 2019 நவம்பரில் ஆட்சி மாறியதும், அதற்கு முன் தொடங்கிய வேறு வீட்டுத்திட்டங்களின் தவணைப் பணம் நின்றது. அத்திவாரத்தோடும் அரைச்சுவரோடும் எத்தனையோ குடும்பங்கள் தகரக் கொட்டில்களில் காத்துக் கிடந்தன. 2021-இல் ஆயிரம் ரூபாவை அண்டியிருந்த சீமெந்து மூடை 2022-இன் நெருக்கடியில் மூவாயிரத்தை எட்டியது. அப்போது மிச்சச் சீமெந்தைக் கொண்டு பூச்சை முடித்தவன் மணலைச் சற்றுக் கூட்டித்தான் கலந்திருப்பான். இன்று அந்தச் சுவர் விரல் பட்டால் உதிர்கிறது. உதிர்வது சுவரா, நாட்டின் பொருளாதாரமா?

வீட்டின் அருமை தெரியாதவர்களாம்! 1995 ஒக்டோபர் 30-இல், ஒரே இரவில், மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த இலட்சக்கணக்கான மக்களில் இந்த ஊரவரும் இருந்தனர். பூட்டிய வீட்டின் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு போனவர்களுக்கா வீட்டின் அருமை தெரியாது?

*

மூன்றாவதாக, ‘மேசன்மாருக்கு வேலை தெரியாது’ என்பது. இக்குற்றச்சாட்டில் ஒரு துளி உண்மை உண்டு. அந்த ஒரு துளிக்கும் வரலாறு உண்டு.

யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல்லின்மேல் அமர்ந்திருக்கும் பூமி. கல்லையும் சிப்பியையும் சூளையில் நீற்றி, நாட்கணக்கில் ஊறவைத்து, பனங்கட்டியும் கடுக்காயும் ஊறிய நீர் சேர்த்துக் குழைத்து, சுண்ணச்சாந்து பூசிய கைகள் இங்கே இருந்தன. அச்சாந்து மெதுவாக இறுகும். ஈரத்தை உள்ளே அடைக்காமல் வெளியே விடும். சிறிது அசைவைத் தாங்கும். 1950-இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. இந்த மண்ணின் கல்லே சீமெந்தாகி நாடெங்கும் போயிற்று. 1990-இல் யுத்தம் அதனை நிறுத்தியது. அதன்பின் வந்த பொருளாதாரத் தடையில் சீமெந்து இங்கே கொண்டுவரத் தடுக்கப்பட்ட பொருளாயிற்று. சீமெந்து விளைந்த மண்ணில் சீமெந்து கள்ளப் பொருள்! கட்ட எதுவுமற்ற அந்த ஆண்டுகளில், சாந்தகப்பை பிடிக்கப் பழகியிருக்க வேண்டிய ஒரு தலைமுறை பதுங்குகுழி வெட்டப் பழகியது. மூத்த மேசன்மாரில் பலர் இறந்தனர். பலர் நாடு கடந்தனர். யுத்தம் ஓய்ந்ததும் ஒரே நேரத்தில் பல்லாயிரம் வீடுகள் எழ வேண்டியிருந்தன. நேற்றுவரை கல் சுமந்தவன் இன்று மேசன் ஆனான். அவனுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? எந்தக் கலாசாலை கதவைத் திறந்தது? மேசைமேல் செய்யும் தொழிலுக்குப் பட்டமும், மண்மேல் செய்யும் தொழிலுக்கு ஏளனமும் அளிக்கும் கல்வியை நாமல்லவோ நடத்தி வருகிறோம்?

இன்னும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் கல்வீட்டுக்கும் சாதி இருந்தது. சுவரை எழுப்பியவனை, எழுப்பி முடித்த பின் அச்சுவருக்கு உள்ளே விடாத வீடுகள் இருந்தன. ஒடுக்கப்பட்ட மக்கள் தமக்கென்று கல்வீடு கட்ட முனைந்தபோது எழுந்த எதிர்ப்புகளை முதியோர் இன்றும் சொல்வர். 1957-இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. அது ஏட்டில் கிடந்தது. 1966 ஒக்டோபர் 21-இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் அதனை வீதிக்குக் கொண்டுவந்தது. பழைய சுண்ணச்சுவரின் மகிமையைப் பாடுவோர் இதனை மறக்கலாகாது. ஒரு முழக் கனமுள்ள அச்சுவர்கள் சிலருக்கே உரியனவாயிருந்தன. பலருக்கு மண்சுவரும் கிடுகுமே விதிக்கப்பட்டிருந்தன. இன்று வெடித்த சுவராயினும் சொந்தக் கல்சுவர் ஒன்று பலருக்கு வாய்த்திருக்கிறதெனில், அது முன்னேற்றமே. அந்த முன்னேற்றத்தைப் பாதியில் நிறுத்தாதே என்பதுதான் நமது வாதம்.

*

‘வெளிநாட்டிலை பாருங்கோ’ என்றார் அவர். பார்ப்போம்.

அங்கே பெரும்பாலான வீடுகளின் உட்சுவர் பூசப்படுவதன்று, பொருத்தப்படுவது. 1894-இல் அமெரிக்காவில் ஒகஸ்தின் சாக்கெற் என்பவர் காப்புரிமை பெற்ற ஜிப்சம் பலகையின் வழிவந்ததே அது. இரு தாள்களுக்கிடையே ஜிப்சத்தை வைத்து அழுத்திய பலகைகளைச் சட்டகத்தில் தறைந்து, மூட்டுகளின்மேல் நாடா ஒட்டி, மூன்று முறை சாந்து தடவி, ஒவ்வொரு முறையும் காயவிட்டு உரைத்து, விளக்கைச் சரித்துப் பிடித்து மேடு பள்ளம் பார்ப்பார்கள். அந்நாட்டுத் தொழிற்றுறை இவ்வேலைக்குப் பூச்சியம் முதல் ஐந்து வரை ஆறு தரங்களை வகுத்திருக்கிறது. கண்ணாடிபோலத் தோன்றும் சுவர் ஐந்தாந் தரம். அதற்குரிய நேரமும் கூலியும் கொடுக்கப்பட்டால்தான் அது கிடைக்கும். ஆக, அந்தச் சுவரின் மினுமினுப்பு அந்நாட்டு இரத்தத்தில் ஊறியதன்று. எழுதி வைத்த விதியாலும் கொடுத்த கூலியாலும் வந்தது.

அந்த மினுமினுப்புக்கு உள்ளே என்ன இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூட்டுச் சாந்தில் நெடுங்காலம் அஸ்பெஸ்தஸ் நார் கலந்திருந்தது. உரைத்தவனின் நெஞ்சுக்குள் அத்தூள் போயிற்று. 1977-இல்தான் அங்கே அத்தகைய ஒட்டுச்சாந்துகள் தடைசெய்யப்பட்டன. 2005-இல் கத்ரீனா சூறாவளி வீடுகளை அழித்த பின்னர், அவசரத்தில் இறக்குமதி செய்த சில பலகைகள் கந்தக வாயுவை வெளியிட்டு, வீட்டுச் செப்புக் கம்பிகளைக் கறுக்கச் செய்தன. சுவர்களோ பார்வைக்கு வழவழப்பாகவே இருந்தன! அழிவுக்குப் பின் வரும் அவசரமும் அந்த அவசரத்தில் வரும் வியாபாரமும் எங்கும் ஒன்றுதான்.

நமக்கும் அந்த வியாபாரம் வந்தது. 2015, 2016-ஆம் ஆண்டுகளில் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் தரப்போவதாகச் சொன்னார்கள். ஆர்சிலர் மித்தல் என்னும் பன்னாட்டு உருக்கு நிறுவனம், ஆயத்தமாகச் செய்து கொண்டுவந்து பொருத்துமாம். ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ இருபத்தொரு இலட்சம் ரூபா. மாதிரி வீடுகளும் யாழ்ப்பாணத்தில் நிறுத்தப்பட்டன. அவற்றின் சுவர்களில் வெடிப்பில்லை, மினுமினுப்பு இருந்தது. ஆனால் அத்திவாரம், காற்றோட்டம், வெக்கை, நீடித்த உழைப்பு, பிற்காலத்தில் பழுது பார்க்கும் வழி ஆகியவற்றைக் குறித்துப் பொறியியலாளர்களும் சமூக ஆய்வாளர்களும் கேள்வி எழுப்பினர். உப்புக் காற்றில் உருக்கு என்னவாகும் என்று கரையூர்ச் சிறுவனும் கேட்பான். ஒரு உருக்கு வீட்டின் விலையில் கல்வீடுகள் இரண்டுக்கு மேல் கட்டலாமே, அப்பணம் உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் கல்லரிபவனுக்கும் போகுமே என்று மக்கள் கேட்டனர். மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்தனர். அந்த 65,000 வீட்டுத் திட்டம் நிறைவேறவில்லை. அது மக்களின் வெற்றியே. ஆனால் உருக்கு வீடு வேண்டாம் என்று சொன்ன நாம், நல்ல கல்வீட்டுக்கு உரிய விதியையும் கூலியையும் பெற்றோமா? இல்லை. பாதிப் போராட்டத்தோடு வீட்டுக்குப் போய்விட்டோம்.

*

இனி நம்மவரிடம் வருகிறேன். இக்கதையை நான் கூறியபோது முற்போக்கு நண்பர் ஒருவர், “சுவர் வழவழப்பாயிருக்க வேண்டுமென்பதே குட்டிமுதலாளித்துவ ஆசை. கூரை ஒழுகாமல் இருந்தால் போதாதா?” என்றார். எனக்குக் கனவானின் சொல்லைவிட இச்சொல்லே அதிகம் சுட்டது.

போதாது, தோழரே! வெடிப்பு வழியே ஈரம் வருகிறது. ஈரத்தோடு பூஞ்சணம் வருகிறது. பூஞ்சணத்தோடு குழந்தைக்கு இழுப்பு வருகிறது. உதிரும் பூச்சு இரவில் பாயின்மேல் கொட்டுகிறது. துருவேறிய கம்பி கூரையைத் தாங்கும் வளையையே தின்கிறது. இவை சுகாதாரத்தின், பாதுகாப்பின் கேள்விகள். ஆனால் அவற்றோடு நான் நிற்கப் போவதில்லை. அழகும் ஏழைக்கு உரியதே. நாள் முழுவதும் மீன் கருவாடாக்கியோ, பிறர் வீட்டுத் துணி துவைத்தோ திரும்பும் பெண், விளக்கொளியில் சமமான ஒரு சுவரைப் பார்த்து மனம் நிறைய விரும்பினால், அதற்கு வர்க்கப் பெயர் சூட்ட நாம் யார்? சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பர். ஏழைக்குச் சுவர் போதும், சித்திரம் நமக்கு என்று பங்கிட்டுக் கொள்வது முற்போக்கன்று.

ஆயினும் எல்லாத் தழும்பையும் பூசி மறைப்பதும் சரியன்று. 1981-இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை மீளக் கட்ட முனைந்தபோது, கருகிய சுவர்களை அவ்வாறே நினைவாக விட்டு, வேறிடத்தில் கட்டுக என்று ஒரு சாரார் வாதிட்டனர். ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த இடம் அது. இன்று அது வெண்மையாக நிற்கிறது. மாணவர்கள் உள்ளே அமர்ந்து படிக்கின்றனர். படிப்பது நல்லதே. ஆனால் எரிந்ததை அறியாமலே படித்து வெளியேறும் மாணவனைக் காணும்போது, அந்த வெள்ளைப் பூச்சைக் குறித்து மனம் உறுத்தவே செய்கிறது. சன்னம் பாய்ந்த துளையை வீட்டார் அடைக்கலாம். அது அவர்கள் உரிமை. அதை அடைக்கும்படி அரசு அவசரப்படுத்துமானால், ஏன் என்று கேட்பது நம் கடமை. வெடிப்பைப் பழுது பார்ப்பது ஒன்று. வெடித்ததை மறுப்பது வேறொன்று.

*

ஆகவே நாம் கேட்பது யாது? வீட்டுத்திட்டப் பணத்தின் மதிப்பீட்டில் பூச்சும் ஈரந்தடுப்பும் முழுமையாகச் சேர்க்கப்பட வேண்டும். தவணையின் நாளைச் சாந்து இறுகும் நாளுக்கேற்ப வகுக்க வேண்டும். கரையோரப் பகுதிகளில் மணலின் உப்பைச் சோதித்துச் சொல்ல உள்ளூராட்சி மன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும். கட்டும் வீட்டுக்கு நன்னீர் வழங்க வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் படம் எடுக்க வருவதோடு நில்லாது, பூசு முன் வந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். மேசன் தொழிலுக்கு ஊர்தோறும் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். உரைக்கும்போது மூக்கை மூடத் தகுந்த கவசமும், முதுமையில் ஓய்வூதியமும் வேண்டும். இவற்றுள் எதுவும் புரட்சியன்று. புரட்சியன்று என்பதனாலேயே, இவற்றைக்கூடச் செய்யாதிருப்பதற்குச் சாட்டு எதுவும் இல்லை.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரசாயனப் பாடத்தில் உப்பின் பளிங்காக்கத்தைக் கற்பிக்கும்போது, ஒரு நாள் வகுப்பைக் கரையூர் வீடொன்றின் சுவரடிக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே இரசாயனமும் பொருளாதாரமும் வரலாறும் ஒரே சுவரில் எழுதப்பட்டிருக்கின்றன.

குடிபூரலுக்குச் சில நாட்களின் பின் அதே வீட்டுக்கு ஒரு முதிய மேசனை அழைத்துச் சென்றேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார். “உள்ளுக்கு வாங்கோ, அப்பு” என்றார் வீட்டுக்காரி. அந்தத் தயக்கத்தின் வரலாறு இருவருக்கும் தெரியும். அவர் நாட்காட்டியைக் கழற்றினார். வெடிப்பை நெடுநேரம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அதன் இரு நுனியிலும் சிறு கோடிட்டுத் திகதி எழுதினார்.

“இப்ப பூசாதை, பிள்ளை. ஒரு மாரி போகட்டும். கோட்டைத் தாண்டி ஓடினால் அத்திவாரத்திலை பிழை. அதை முதலிலை பாப்பம். நிண்டிட்டுதெண்டால் ஆழமா வெட்டி, நனைச்சு, அடைச்சுத் தாறன். நீ வெக்கப்படாதை. இது உன்ர பிழையில்லை.”

நாட்காட்டி மறுபடி அந்த இடத்தில் தொங்கவிடப்படவில்லை. வெடிப்பு எல்லார் கண்ணிலும் படும்படி, தன் இரு நுனியிலும் திகதியோடு, அந்தச் சுவரில் இருக்கிறது. சமுதாயத்தின் வெடிப்புகளையும் நாம் இவ்வாறுதான் நடத்த வேண்டும். நாட்காட்டியால் மூடலாகாது, பட்டியால் மெழுகலாகாது. நுனியில் திகதி எழுதி, காரணத்தைக் கண்டு, வேரிலிருந்து வெட்டி அடைக்க வேண்டும்.